காயாத மஞ்சள் பெயிண்ட்

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உருண்டுபோன மகளின் பென்சிலை எடுக்கக் குனிந்தபோதுதான், கம்ப்ரஸரின் பக்கவாட்டில் கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஓர் எஃகு வில்லை ஒட்டியிருப்பதை அவர் பார்த்தார். கண்ணால் பார்த்ததுதான்; மெஷின் நடுக்கத்தில் அவருடைய விரல்கள் மரத்துப்போய் வருஷக்கணக்காகிறது. வில்லைக்குப் பக்கத்தில், கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாற்போல் கொஞ்சம் மஞ்சள் பெயிண்ட். தின்னர் வாடை மூக்கைக் குத்தியது. பெயிண்ட் இன்னும் காயவில்லை.

வில்லை அவருடைய வேலைச் சாமான். ஆலையில் பம்பு, மோட்டார், ஊதுவிசிறி என்று ஓடுகிற எல்லாவற்றிலும் இடம் பார்த்து, துருவைச் சுரண்டி, பசை வைத்து இதைத்தான் ஒட்டுவார். அடையாளத்துக்கு மஞ்சள் பெயிண்ட். வில்லையின்மேல் சென்சாரை உட்காரவைத்துவிட்டால், உள்ளே நடுக்கம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று கன்ட்ரோல் ரூமில் இருந்தபடியே தெரிந்துகொள்ளலாம். நன்றாக ஓடும் மெஷினுக்கு ஒன்றிரண்டு போதும். இழுத்துக்கொண்டு கிடக்கும் மெஷினுக்கு உடம்பெல்லாம் ஒட்ட வேண்டும். உளியால் நெம்பிக் கழற்றுவது ஒரே ஒரு சமயத்தில்தான்: மெஷினை நிறுத்திப் பழைய இரும்புக்கு அனுப்பும்போது. ஆலையில் அவருக்கு டாக்டர் என்று பெயர். "டாக்டரு உளியத் தூக்கிட்டாருன்னா, சொந்தக்காரங்களுக்குச் சொல்லிவிட்ர வேண்டியதுதான்" என்று ஃபிட்டர் சிரிப்பார்.

"பாப்பா, அப்பா பையத் தொட்டியா?"

"அய்ய, உங்க பை ஒரே கிரீஸ் நாத்தம். நான் எதுக்குப்பா தொடப்போறேன்? பென்சில் எங்க?"

பென்சிலை எடுத்துக் கொடுத்தார். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். வில்லை கையோடு வந்தது. ஃபிரிட்ஜ் ஒரு தடவை குலுங்கி, நீளமாக மூச்சை விட்டு, ஓய்ந்தது.

"ஆச்சா?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து. "ஊர்ல இருக்கிற மெஷினுக்கெல்லாம் வைத்தியம். வீட்டுல கைய வெச்சா மட்டும் வெளங்காது."

ஒரே ஓர் அளவை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காதே, இரண்டாவது அளவு வரட்டும் என்பது அவர் தொழிலின் பாடம். அவசரப்பட்டு மெஷினை நிறுத்தச் சொல்லி அவமானப்பட்டவர்களை அவர் பார்த்திருக்கிறார். மறுநாள் சாயங்காலம், மழைக்கு முந்திய இருட்டில், கொல்லைப்பக்கத்துத் தண்ணீர் மோட்டாரிலிருந்து அதே தின்னர் வாடை வந்தபோது, அதனால்தான் அவர் யாரையும் கூப்பிடவில்லை. முன்பக்கம் ஒரு வில்லை, பின்பக்கம் ஒரு வில்லை. தானே ஒட்டியிருந்தாலும் அந்த இடங்களில்தான் ஒட்டியிருப்பார். ஓடிக்கொண்டிருந்த மோட்டாரில் இரண்டையும் நெம்பி எடுத்தார். கிர்ரென்ற சத்தம் தேய்ந்து, கட்டையாகி, நின்றது. ஈரத் தரையில் அவருடைய செருப்புத் தடம் மட்டுமே இருந்தது.

இரண்டாவது அளவு.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்து குளிக்கும்போது, இடது மணிக்கட்டின் உள்பக்கம் நார் எதிலோ மாட்டியது. என்னவென்று குனிந்து பார்ப்பதற்குள் வில்லை பெயர்ந்து, டங்கென்று தரையில் விழுந்து, சோப்புத் தண்ணீரோடு ஓடி வடிகாலில் நின்றது. ரத்தம் இல்லை. வலி இல்லை. கை தோளிலிருந்து தொங்கியது, ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி. வலது கையால் அதைத் தூக்கினார், விட்டார், விழுந்தது. பயம் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. துண்டை எடுத்துத் துவட்டிக்கொண்டார்.

"என்ன, துரை மாதிரி கையப் பாக்கெட்டுலயே வெச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி, ராத்திரிச் சாப்பாடு போடும்போது.

"சும்மாதான்."

சாப்பிட்டு முடித்து, விளக்கை அணைக்கக் கூடத்துக்குப் போனார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

வாடை.

பாப்பா குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜடை ஒருபக்கம் சரிந்திருந்தது. பின்கழுத்தில் ஒரு வில்லை. இரண்டு காதுக்கும் பின்னால் ஒவ்வொன்று. சட்டையை லேசாக விலக்கினார். முதுகெலும்பு நெடுக, நெருக்கமாக, கீழே வரைக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மஞ்சள். பளபளப்பாக. ஈரமாக.

உடம்பெல்லாம்.

கையை எடுத்துக்கொண்டார். காதை மட்டும் அவள் முதுகோடு வைத்தார். நெஞ்சுத் துடிப்பு சீராக இருந்தது. மூச்சு சீராக இருந்தது. நல்ல ஓட்டம். இது ஓர் அளவு. இவள் நன்றாகத்தான் இருக்கிறாள், யாரும் எதையும் கழற்றாதவரை நன்றாகத்தான் இருப்பாள். மனைவியிடம் சொல்ல வேண்டும். ஆனால் அவள் கண்டவுடன் பிடுங்குகிற ஆள். துணியில் நூல் தொங்கினால்கூட விடமாட்டாள். ஃபிரிட்ஜைக் காட்டி, மோட்டாரைக் காட்டி, கையைக் காட்டி, நிதானமாகச் சொல்ல வேண்டும். விடியட்டும். இன்னோர் அளவு எடுத்துவிட்டுச் சொல்லலாம். சட்டையை இழுத்துவிட்டார். ஜடையை எடுத்துக் கழுத்தின்மேல் போட்டார். பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து காவல் உட்கார்ந்தார்.

மூச்சு. மூச்சு. மூச்சு.

எப்போது கண்ணயர்ந்தார் என்று தெரியாது.

சீப்புச் சத்தத்தில் விழித்தார். ஜன்னலில் வெளுத்திருந்தது. பாயில் பாப்பா இல்லை. அறைக்கு நடுவில், முதுகைக் காட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மனைவி, பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்திரிச்சாச்சா? ஏங்க, உங்க சாமானையெல்லாம் போட்டுவைக்க வேற எடமே கெடைக்கலையா? புள்ள கழுத்துலயும் முதுகுலயும் அப்பிக் கெடந்துச்சு. தூக்கத்துல பொரண்டிருப்பா போல. எண்ணெய் தொட்டு நகத்தால நெம்புனேன், அலுங்காம வந்துருச்சு."

"எது?"

"எல்லாந்தான்."

கையை நீட்டினாள். உள்ளங்கை நிறைய வில்லைகள். ஒன்றோடொன்று உரசி லேசாகச் சத்தம் போட்டன. நகக்கண்களில் மஞ்சள்.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். வலது கையைத் தரையில் ஊன்றினார்.

"பாப்பா."

அவள் திரும்பவில்லை. சீப்பு தலைமுடியில் குத்திட்டு நின்றது.

"ஏய், அப்பா கூப்புடறாருல்ல? திரும்புடி" என்று மனைவி செல்லமாகத் தோளில் தட்டினாள்.

சீப்பு மட்டும் கீழே விழுந்தது.