கத்திக்கொண்டே இருந்த கம்ப்யூட்டர்

தேனியில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, வேடிக்கை பார்க்கவே ஒரு கூட்டம் கூடிவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் வருஷம் அது. பெட்டிக்குள் சினிமா ஓடும் என்று நம்பி வந்தவர்களும் உண்டு. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் மட்டும் வரவே, அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே சந்தைக்குத் திரும்பிப் போனார்கள்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் பச்சை எழுத்துகளே போதும். பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஆளுக்கு ஒரு முறை கம்ப்யூட்டர் முன்னால் உட்காரலாம், தன் பெயரைத் தானே தட்டிப் பார்க்கலாம் என்று செல்வமணி டீச்சர் சொல்லியிருந்தார். சொர்ணலதா விடுமுறை முழுவதும் தன் பெயரை ஆங்கிலத்தில் காற்றிலேயே தட்டிப் பழகினாள். சோறு பிசையும்போதும் அவள் விரல்கள் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தன. அம்மாவிடம் அதற்காக இரண்டு தடவை திட்டும் வாங்கினாள்.

தலைமையாசிரியர் வைகுண்டராஜ் இதற்கு லேசில் சம்மதிக்கவில்லை. பிள்ளைகள் கை பட்டால் கம்ப்யூட்டர் பாழாகிவிடும், பூட்டி வைத்துக் கண்ணாடி வழியாகக் காட்டினால் போதும் என்பது அவர் கட்சி. எது நடந்தாலும் தானே பொறுப்பு என்று டீச்சர் மன்றாடிய பிறகுதான் அவர் தலையை ஆட்டினார். அதுவும் பாதி ஆட்டல்தான்.

அந்த நாளும் வந்தது. செருப்புகளை வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளைகள் உள்ளே போனார்கள்.

கம்ப்யூட்டர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பொட்டும் பூவுமாக உட்கார்ந்திருந்தது. விடுமுறை விடுவதற்கு முன்னால் ஆயுத பூஜை போட்டிருந்தார்கள் அல்லவா? உலக உருண்டை, தராசு, பள்ளிக்கூட மணி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தவர் தலைமையாசிரியர்தான். பூஜை என்று வந்துவிட்டால் அவருக்குக் கை தாராளம். பன்னீர் விட்டுக் கரைத்த சந்தனத்தைத் தொட்டுத் தொட்டு, திரைக்கு மேலே பெரிதாக ஒன்று வைத்தார். அதோடு விட்டாரா? எந்த எழுத்துக்கும் மனக்குறை வரக் கூடாது என்று ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பொட்டு வைத்தார். ஆறாம் வகுப்புத் தங்கபாண்டி சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றான்.

செல்வமணி டீச்சர் சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. உள்ளே காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது. திரையின் மூலையில் ஏதோ ஒரு எண் வந்து நின்றது. அதோடு சரி. வேறு எழுத்து எதுவும் வரவில்லை. அதற்குப் பதிலாக, "பீப், பீப், பீப்" என்று கம்ப்யூட்டர் விடாமல் கத்தத் தொடங்கியது.

டீச்சர் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். மறுபடியும் அதே கத்தல். பிளக்கைக் கழற்றி மாட்டினார். பின்பக்கத்து ஒயர்களை எல்லாம் அழுத்திப் பார்த்தார். மின்சாரம் சரியாக வருகிறதா என்று ஸ்டெபிலைசர் முள்ளையும் பார்த்தார். அது ஒழுங்காகத்தான் நின்றது. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று மதுரையில் அவருக்கு நடந்த கம்ப்யூட்டர் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை. டீச்சர் முகம் வாடிவிட்டது.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வந்தார். ரேடியோவைத் தட்டுவதுபோல் கம்ப்யூட்டர் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அது இன்னும் கத்தியது. யார் இதில் கை வைத்தது என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார்.

தங்கபாண்டி முன்னால் வந்தான்.

"சார், அன்னிக்குக் கிண்ணத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னப்ப ஒரு பொத்தானை லேசாத் தொட்டுப் பாத்தேன் சார். அமுக்கல."

"பாத்தீகளா டீச்சர்? இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்றார் தலைமையாசிரியர்.

அவர் கோபத்தில் வரிசையாக உத்தரவுகள் பிறந்தன. தங்கபாண்டி இனி இந்த அறைப் பக்கமே வரக் கூடாது. மதுரையிலிருந்து ஆள் வந்து சரிசெய்யும் வரை அறையைப் பூட்ட வேண்டும். சரியான பிறகும் ஆறாம் வகுப்புக்கு இடமில்லை. பெரிய பிள்ளைகள் மட்டும் வந்தால் போதும்.

தங்கபாண்டி வெளியே போய் வராந்தாத் தூணோரம் நின்றுகொண்டான். அவன் அழவில்லை. ஆனால் சன்னல் வழியாகத் தெரிந்த அவன் முகத்தைப் பார்த்தபோது சொர்ணலதாவுக்கு ஒன்று புரிந்தது. தான்தான் கெடுத்துவிட்டோம் என்று அவனே நம்பிவிட்டான். உண்மையைச் சொன்னவனுக்கு இந்தக் கதியா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியேறத் தொடங்கினார்கள். கம்ப்யூட்டர் மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. சொர்ணலதா நின்றாள். இந்த மாதிரிக் கத்தலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தாள். வேறெங்கும் இல்லை, வீட்டில்தான்.

அவளுடைய அப்பாவின் பெயர் தவசி. குச்சனூர், பண்ணைப்புரம் என்று ஊர் ஊராகத் திருவிழா நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். சாரல் காலத்தில் ஆர்மோனியத்தின் கட்டை ஒன்று ஊறிப்போய்க் கீழேயே நின்றுவிடும். துருத்தியால் காற்று அடித்ததும் அது பாட்டுக்கு ஓலமிடும். அப்பா உடனே குனிந்து, கட்டைகள் இருக்கும் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்ப்பார். எது தாழ்ந்திருக்கிறதோ அதுதான் குற்றவாளி.

"டீச்சர், எங்க வீட்டு ஆர்மோனியத்துல ஒரு கட்ட எந்திரிக்காமப் போச்சுன்னா இப்படித்தான் கத்தும். யாரோ அமுக்கிக்கிட்டே இருக்காகன்னு இதுவும் நினைச்சுக்கிருச்சோ என்னமோ" என்றாள் சொர்ணலதா.

டீச்சர் அவளைப் பார்த்தார். வெளியேறிக்கொண்டிருந்த பிள்ளைகளும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பார் என்று கை காட்டினார்.

சொர்ணலதா மேஜையைத் தொடாமல் முழங்காலிட்டுக் கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். வரிசை வரிசையாகப் பொத்தான்கள் தெரிந்தன. கீழ்வரிசையில் ஓரத்துப் பொத்தான் ஒன்று மட்டும் தாழ்ந்து கிடந்தது. அதைச் சுற்றி மஞ்சளாக ஏதோ இறுகிப் போயிருந்தது.

சந்தனம். வழிந்து உள்ளே இறங்கிக் காய்ந்துவிட்டது.

சொர்ணலதாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யார் வைத்த சந்தனம் என்று வகுப்புக்கே தெரியும். சத்தமாகச் சொன்னால் போதும், எல்லோரும் கொல்லென்று சிரித்துவிடுவார்கள். தங்கபாண்டியை விரட்டினாரே, அவருக்கு இது வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அன்றைக்குப் பொட்டு வைக்கும்போது அவர் எவ்வளவு ஆசையாக வைத்தார் என்பதும் நினைவுக்கு வந்தது. கெடுக்க வேண்டும் என்றா செய்தார்?

அவள் எழுந்தாள். தலைமையாசிரியர் பக்கத்தில் போய் மெல்லிய குரலில் சொன்னாள்.

"சார், அந்த ஓரத்துப் பொத்தானை நீங்களே ஒருவாட்டி தொட்டுப் பாருங்க சார்."

அவர் குனிந்து தொட்டார். பொத்தான் அசையவில்லை. விரலை எடுத்தபோது நகத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அவர் அதை முகர்ந்து பார்த்தார். பிறகு சொர்ணலதாவைப் பார்த்தார். அவள் எதுவும் தெரியாதவள்போல் ஸ்டெபிலைசரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்வமணி டீச்சர் அறிவியல் அறையிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து வந்தார். தன் கொண்டை ஊசியால் பொத்தானை மெதுவாக நெம்பி எடுத்தார். சொர்ணலதா பஞ்சை நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தாள். சந்தனம் கரைந்து வந்தது. நன்றாகக் காயவிட்டுப் பொத்தானைத் திரும்ப மாட்டி அழுத்தி விட்டதும், "டக்" என்று அது மேலே எழும்பியது.

டீச்சர் சுவிட்சைப் போட்டார். "பீப்" என்று ஒரே ஒரு முறை கம்ப்யூட்டர் குரல் கொடுத்தது. பச்சை எழுத்துகள் மளமளவென்று திரையில் இறங்கின. பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சர் சொர்ணலதாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

தலைமையாசிரியர் கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தார்.

"தங்கபாண்டி ஒண்ணும் பண்ணல. நான் வச்ச சந்தனம்தான் உள்ள போயி ஒட்டிக்கிருச்சு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு சொர்ணலதாவின் பக்கம் திரும்பி, "ரொம்ப நன்றி ஆத்தா" என்றார். பெட்டி ஓடியதற்காக மட்டும் சொன்ன நன்றி இல்லை அது, தன்னைச் சிரிப்புக்கு ஆளாக்காமல் விட்டதற்கும்தான் என்பது அவளுக்குப் புரிந்தது.

அவரே வராந்தாவுக்குப் போனார். தங்கபாண்டியின் தோளில் கை போட்டு அழைத்து வந்து, எல்லோருக்கும் முதலாவதாக நாற்காலியில் உட்கார வைத்தார். நடந்ததை எல்லாம் அவன் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

தங்கபாண்டி ஒற்றை விரலை நீட்டினான். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினான். ஓர் எழுத்தைக் கண்டுபிடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. ஆனாலும் யாரும் அவசரப்படுத்தவில்லை. அவன் கையை எடுத்தபோது திரையில் பச்சைப் பசேலென்று சொர்ணலதாவின் பெயர் நின்றது.

உன் பெயரைத் தட்டவில்லையா என்று டீச்சர் கேட்டார்.

"அதுக்கென்ன டீச்சர், அத அடுத்த தடவ தட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தங்கபாண்டி எழுந்து அடுத்த பிள்ளைக்கு இடம் விட்டான்.