பெயரின் மேல் ஒரு கோடு

"ரெண்டு கட்டில்தானே?" என்று கேட்டாள் லோர்னா. நாளை ஆர்விட் தங்கப்போகும் ஏரிக்கரைக் குடில் அவளுடையது.

"ஒண்ணு. நான் மட்டும்தான் வர்றேன்," என்றான் தொலைபேசியில்.

"காலையில ரெண்டுன்னீங்களே! மேல்கட்டில்ல ஏற முட்டி ஒத்துழைக்காது, கீழ்க்கட்டில்தான் வேணும்னு. பல்லு தந்தியடிக்கப் பேசினீங்க. வீட்டுல ஹீட்டர் வேலை செய்யலையான்னுகூடக் கேட்டேனே."

ஆர்விட் காலையில் யாரையும் அழைக்கவில்லை. அவன் முட்டிக்கு ஒரு கேடும் இல்லை. முட்டி வலிக்காரன் கெர்மிட். ஆர்விட்டின் மனைவி டோரியின் தம்பி. இந்த வீட்டின் நிலவறையில் பதினோரு வருடம் குடியிருந்த பிரம்மச்சாரி. போன செப்டம்பரில் அதே ஏரியில் மூழ்கிப் போனவன். உடல்கூடக் கிடைக்கவில்லை.

"ஒரு கட்டில் போதும்," என்று வைத்துவிட்டான். மீன்பிடி காலம் தொடங்குகிற வாரத்தில் லோர்னாவை நூறு பேர் கூப்பிடுவார்கள். வேறு யாரோ பேசியதை இவன் என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

சமையலறை மேசையில் ஏரியின் ஆழம் காட்டும் வரைபடம் விரிந்து கிடந்தது. காபிக் கோப்பை, தூண்டில் உருளை, பான்கேக் மாவுப் பை என்று கைக்குக் கிடைத்ததை வைத்து அதன் மூலைகளை அழுத்தியிருந்தான். வெளியே மே மாத மழை கூரை விளிம்பிலிருந்து ஒரே தாளத்தில் சொட்டிக்கொண்டிருக்க, உருளைக்குப் போட்ட எண்ணெயும் ஆறிப்போன காபியும் கலந்த வாசனைக்கு அடியில் இன்னொன்று, ஏரித் தண்ணீரின் பாசி வாடை, நிலவறைப் படியின் பக்கமிருந்து மெல்ல மேலேறி வந்தது. கெர்மிட்டின் மழைச்சட்டை இன்னும் கீழே தொங்குகிறது, அதுதான் என்று நினைத்துக்கொண்டான். எட்டு மாதமாகக் காய்ந்த சட்டை.

அவனுக்குப் போகவே மனமில்லை. டோரிதான் விடவில்லை.

"பனிக்கட்டி உருகினா உடம்பு மேல வந்துடும்கிறாங்க," என்றாள் மதியம், மருத்துவமனை வேலைக்குக் கிளம்பும்போது. "அந்த இடம் உனக்குத்தான் தெரியும். என் தம்பியைக் கொண்டுவந்து குடு, ஆர்விட்." பிறகு அவனுடைய பைகளைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். "இவ்ளோ மூட்டையா? மீன் பிடிக்கப் போறியா, குடித்தனம் பண்ணப் போறியா?" வாசலில் நின்று திரும்பினாள். "தாளை மாட்டிடு."

எங்கள் பக்கத்தில் தாள் மாட்டாமல் யாரும் ஏரிக்குப் போவதில்லை. பெயர், ஏரி, படகு இறக்கும் துறை, திரும்பும் நாள், மணி. ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டுவோம். திரும்பி வந்தவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் முதலில் தன் பெயரைத் தன் கையால் கோடு போட்டு அடிப்பான். நேரம் தாண்டியும் அடிக்காத பெயர் இருந்தால் வீட்டார் ஷெரிஃப் அலுவலகத்துக்குச் சொல்வார்கள், தேடப் படகுகள் கிளம்பும்.

செப்டம்பரில், "இன்னும் ஒரு மணி நேரம், மீன் நல்லா கடிக்குதுடா, பின்னாடியே என் டிரக்ல வந்துடறேன்" என்று சொன்ன கெர்மிட்டை விட்டுவிட்டு ஆர்விட் முன்னால் வீட்டுக்கு வந்தான். தன் பெயரை அடித்தான். கை நிற்கவில்லை, கீழே இருந்த கெர்மிட்டின் பெயரையும் அடித்தது. பின்னாடியே வருகிறவன்தானே. வேலை முடிந்து வந்த டோரி இரண்டு கோடுகளையும் பார்த்து, தம்பி கீழே தூங்குகிறான் என்று படுக்கப் போனாள். ஆர்விட் விடியுமுன் மில்லுக்குப் போனான். மூன்றாம் நாள் லோர்னாதான் அழைத்து, கெர்மிட்டின் டிரக் இன்னும் துறையிலேயே நிற்கிறதே என்றாள். கவிழ்ந்த படகு கிடைத்தது. ஏரி நடுவில் ஒரு பாறைத் திட்டில், இரண்டு இரவு தீ மூட்டிய கரி கிடைத்தது, ஆள் இல்லை. இரண்டு இரவும் கெர்மிட் அங்கே உட்கார்ந்து, யாராவது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அந்த இரண்டாவது கோட்டைப் போட்டது யார் என்று டோரி இன்றுவரை கேட்கவில்லை.

ஆர்விட் புதுத் தாளில் தன் பெயரை எழுதினான். ஏரி, வடக்குத் துறை, ஞாயிறு மாலை ஆறு மணி. ஃபிரிட்ஜில் மாட்டினான். கோப்பையைக் கழுவக் குழாயைத் திறந்தான்.

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே நிலவறைப் படி கிறீச்சிட்டது. ஒரு கால் அழுத்தமாக. இன்னொரு கால் இழுத்து.

குழாயை மூடினான். மழை மட்டும்தான்.

அவனுக்குப் பயமாக இருந்தது. திரும்பக் கூடாது என்று நினைத்தான், திரும்பினான். யாரும் இல்லை. நிலவறைக் கதவு திறந்திருந்தது. அங்கிருந்து ஃபிரிட்ஜ் வரை தரையில் ஈரத் தடங்கள். பூட்ஸ் தடங்கள். திரும்பிப் போன தடம் இல்லை.

தாளில் அவன் பெயரின் மேல் ஒரு கோடு. நேரான, நிதானமான கோடு. பென்சில் ஈரத்தில் ஊறியிருந்தது.

வாசலில் டோரியின் கார் வந்து நின்றது. சாவிச் சத்தம். கூடவே தொலைபேசி மணி. அவள் மழைக்கோட்டோடு சமையலறைக்குள் வந்து, அவனுக்கு ஒரு கை தூரத்தில் நின்று எடுத்தாள்.

"சொல்லு லோர்னா... பாறை மேலயா? யாரு?"

ஆர்விட் மேசையைப் பிடித்தான். மேசை சில்லென்று, கரடுமுரடாக இருந்தது.

"சிவப்புத் தொப்பியா? கையைக் காட்டுறானா?" டோரி ஃபிரிட்ஜைப் பார்த்தாள். "ஆர்விட்கிட்டயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு. ஆனா அவனா இருக்காது. அவன் வீட்டுலதான் இருக்கான். தாள்ல பேரை அடிச்சிருக்கான். போக மனசு வரலைபோல." சற்றுக் கேட்டாள். "வேண்டாம்மா, இந்த மழையில படகெல்லாம் எதுக்கு? எவனாவது குடிகாரப் பயலா இருப்பான். நீ போய்ப் படு."

டோரி என்று கத்தினான். வாயிலிருந்து தண்ணீர்தான் வந்தது. பாசி வாடை. ஏரி வரைபடத்தின் மேல் கொட்டியது.

அவள் தொலைபேசியை வைத்தாள். அவன் நின்ற இடத்தின் ஊடாகவே பார்த்தாள். கொட்டாவி விட்டாள். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

இருட்டு. நான்கு பக்கமும் அலைச் சத்தம். பூட்ஸுக்குள் தண்ணீர்.

அருகே அணையப்போகும் கரியின் சிவப்பு. பல் தந்தியடிக்கும் சத்தம்.

பாறை சின்னதுதான். கெர்மிட் முட்டியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து, அவனுக்கு இடம் விட்டான்.