பக்கத்து வீட்டுப் பூசணி

யாரும் பூவைத் தொடவில்லை, ஆனாலும் காய் பிடித்திருந்தது. சிங்கப்பூர்ப் பொங்கோலில் இந்தப் பன்னிரண்டாம் மாடிக்குத் தேனீ எங்கே வரப்போகிறது? தினமும் காலையில் வேலாயுதம்தான் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தேய்த்துவிடுவார். அவர் இறந்தபின் அந்தப் பூசணித் தொட்டி பக்கத்து வீட்டு ஆரணியின் வாசலுக்கு வந்தது. அவள் தண்ணீர் ஊற்றியதோடு சரி.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "நீங்கதான்க்கா அப்பாவுக்குத் துணையா இருந்தீங்க," என்று சொல்லி அவர் மகள் அனிதா கொடுத்திருந்தாள்.

துணை! சாயங்காலமானால் வேலாயுதம் செடிக்குப் போட முட்டை ஓட்டை உரலில் இடிப்பார். டொக், டொக் என்று சுவர் வழியே கேட்கும். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் ஆரணிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். அந்தக் கடைசி நாளும் கேட்டது, விட்டு விட்டு, சுவரின் அடியிலிருந்து. நிறுத்தட்டும் என்று துடைப்பக் கட்டையால் அவள் திருப்பி ஓங்கித் தட்டினாள். ஒரு கணம் அமைதி. பிறகு சத்தம் வேகவேகமாக வந்தது. அவள் இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

அவர் வீட்டுக் கதவை உடைத்தபோதுதான் தெரிந்தது. விழுந்து கிடந்த மனிதர், யாரோ கேட்டுவிட்டார்கள் என்று நம்பித் தட்டியிருக்கிறார். இதை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று மழை இருட்டிக்கொண்டிருந்தது. அனிதா போன் செய்தாள்.

"அக்கா, காய் முத்திடுச்சான்னு பாருங்க லா. அப்பா படத்துக்கு முன்னால வெச்சுட்டு சமைக்கலாம்னு இருக்கேன். கீழ கார் பார்க்லதான் நிக்கிறேன்."

இன்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ஆரணி மனதைத் திடப்படுத்திக்கொண்டு வெளியே வந்தாள். காரிடார் விளக்குகள் இன்னும் எரியவில்லை. ஈர மண் வாசனையோடு எந்த வீட்டிலிருந்தோ பெலாச்சான் இறால் விழுது வறுபடும் நெடி கலந்து வந்தது. வெளிச்சம் வரும் கைப்பிடிச் சுவரை விட்டுவிட்டு, கொடி அவள் வீட்டுச் சுவரோரமாகவே ஊர்ந்து, கதவடியில் காயை ஒதுக்கி வைத்திருந்தது. முத்திய காயைத் தட்டினால் கணீரென்று கேட்கும். குனிந்து, விரலை மடக்கித் தட்டினாள்.

டொக்.

உள்ளேயிருந்தும். டொக்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். ஒரு கணம் அமைதி. பிறகு வேகவேகமாக. ஆசையாக.

லிஃப்ட் திறந்தது.

காம்பைப் பிய்த்துக் காயை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அடங்கவில்லை. விலா எலும்பில் இடித்தது.

"என்னக்கா சத்தம் அது?" அனிதா கிட்டே வந்து நின்றாள்.

சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு.

"பக்கத்து வீட்ல... ஏதோ இடிக்கிறாங்க," என்றாள் ஆரணி.

அனிதா திரும்பிப் பார்த்தாள். அவள் அப்பாவின் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. பிறகு ஆரணியின் கையில் இருந்ததைப் பார்த்தாள். மெல்லக் குனிந்து அதில் காதை வைத்தாள்.

"அப்பா?"

தட்டல் நின்றது. பிறகு, உள்ளேயிருந்து, ஏதோ நகத்தால் பிறாண்டத் தொடங்கியது.