கோரைக்குள் மறைந்த நீலப் படகு

“இன்னாது, படகு வேணுமா? போன வெள்ளத்துக்குக் குடுத்தேனே, அது எங்கம்மா?”

பாக்கியநாதன் கையிலிருந்த வலையை மணலில் விட்டெறிந்த வேகத்தில் எஸ்தர் ஓரடி பின்வாங்கினாள். கடல் கறுத்துக் குமுறிக்கொண்டிருந்தது. குப்பத்து ஆண்கள் படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். புயல் அன்றிரவே கரையைக் கடக்கப்போகிறதாம்.

“அப்பாவுக்கு நாளைக்கு டயாலிசிஸ் அண்ணா. இன்னிக்கே சேத்துக்கக் கட்டில் இல்லைன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. தண்ணி ஏறிட்டா எங்க நகர்லேருந்து ஆளை வெளிய கொண்டு வரவே முடியாது.”

“என் புள்ளைங்க கண்ணு மூடாம உங்க ஆளுங்கள ஏத்தி எறக்குனாங்க. அசதில படகை உங்க கேட்டாண்ட கட்டிட்டு வந்தாங்க. காரு போவணும்னு எவனோ அவுத்து உட்டுட்டான். கேக்க வந்தா கேட்டைக்கூடத் தொறக்கல!” பாக்கியநாதனின் குரல் காற்றையும் மீறி ஒலித்தது. “இன்னொரு படகு தரமாட்டேன். அவுத்து உட்டதைத் தேடிக் கண்டுபுடி. கெடச்சா ஓட்டிக்கோ. போ!”

எஸ்தர் திரும்பி நடந்தாள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லையே!

அவள் பிழைப்புக்கு ஓட்டும் ‘குட்டி யானை’ சாலையோரம் நின்றது. சின்னச் சரக்கு வண்டிதான். ஆனால் எவ்வளவு ஏற்றினாலும் இழுக்கும். அதில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவள் குடியிருக்கும், மதில் சூழ்ந்த நகரின் வாசலுக்கு எதிரே பைக் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் தமீம். எஸ்தரின் பக்கத்து வீட்டுக்காரி, கபடி ஆட்டக்காரி வேதவல்லி.

“கெடைக்கலையா அக்கா?” என்றாள் வேதவல்லி.

“நாமதான் தேடணும். சொல்லு, நம்ம நகர்த் தண்ணி எங்க போகுது?”

“கால்வாய் வழியா சதுப்பு நிலத்துக்கு.”

“அப்புறம்?”

“பழைய ரயில் மேடு குறுக்க நிக்குது. அதுக்கு அடியில இருக்குற குழாய்ல நாய்க்குட்டி வேணா போகும்…” என்ற தமீம் சட்டென்று நிமிர்ந்தான். “படகு போகாது! மேட்டுக்கு இந்தப் பக்கம்தான் எங்கயோ மாட்டிக் கெடக்குது!”

வண்டி சீறிக் கிளம்பியது.

தண்டவாளம் பிடுங்கப்பட்ட அந்த மேட்டின்மேல் வண்டியை நிறுத்திவிட்டு, அதில் கிடந்த கயிறு, அரிவாள், காற்றடித்த லாரி டியூப் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மூவரும் இறங்கினார்கள். கண்ணுக்கெட்டிய வரை ஆளுயரக் கோரை! குப்பைமேட்டு நாய்கள் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்ந்து வந்தன. தமீம் இரும்புக் கம்பியை வண்டியின் தகட்டில் ஓங்கி அடித்தான். அந்தச் சத்தத்துக்கு அவை விலகினவே தவிர, போய்விடவில்லை. குரைத்துக்கொண்டே பின்னால் வந்தன.

மேட்டை ஒட்டி எவ்வளவோ தூரம் நடந்தாகிவிட்டது. படகின் அடையாளமே இல்லை. மழை ஊசி ஊசியாக முகத்தில் குத்தத் தொடங்கியது.

“திரும்பிடலாம்க்கா. காத்து ஆளையே தூக்குது!” என்று கத்தினான் தமீம்.

அப்போது ஒரு பெருங்காற்று சதுப்பின்மேல் விழுந்தது. கோரை முழுவதும் ஒரே பக்கமாகப் படுத்தது. அந்த ஒரு நொடியில் எஸ்தர் பார்த்துவிட்டாள். பச்சைக்கு நடுவே நீலமாக ஒரு மூக்கு!

“அதோ! அதோ இருக்குது!”

கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு தமீம் முதலில் இறங்கினான். பத்தடிகூடப் போயிருக்கமாட்டான்; சேறு அவனை இடுப்புவரை விழுங்கியது.

“அசையாத! கால உதறாத!” வேதவல்லி லாரி டியூபை அவன் பக்கம் வீசினாள். அவன் அதன்மேல் நெஞ்சைச் சாய்த்துக்கொள்ள, இருவரும் மேட்டிலிருந்து கயிற்றை இழுத்தார்கள். கைத்தோல் உரிந்தது. ஒருவழியாகத் தமீம் வெளியே வந்தான். செருப்பு இரண்டும் சேற்றோடு போயின.

அதன்பின் கோரையை அறுத்துக் கட்டுக்கட்டாகப் பரப்பி, அதன்மேல் தவழ்ந்து போனார்கள். படகுக்குள் சேறும் மழைத்தண்ணீரும் தளும்பின. எஸ்தர் கையை உள்ளே விடப் போனாள்.

“அக்கா, கையை எடு!” என்று கத்தினாள் வேதவல்லி.

படகின் மூலையில் ஒரு கண்ணாடிவிரியன் சுருண்டு கிடந்தது. குக்கர்போலச் சீறியது! எஸ்தர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வேதவல்லி கம்பி முனையால் மெதுவாகத் தூக்கி அதைக் கோரைக்குள் எறிந்தாள்.

தமீமின் ஹெல்மெட்டால் சேற்றை மொண்டு மொண்டு வெளியே கொட்டினார்கள். எஸ்தர் மேட்டின்மேலேயே வண்டியை அங்கே ஓட்டி வந்ததும், கயிற்றின் ஒரு முனையைப் படகிலும் மறு முனையை வண்டியிலும் கட்டினார்கள். எஸ்தர் வண்டியை முடுக்கினாள். சக்கரம் சுழன்றது, கயிறு பட்டென்று அறுந்தது! பல்லைக் கடித்துக்கொண்டு இரட்டைக் கயிறாகக் கட்டினாள். இந்த முறை சேறு பெரிய சத்தத்தோடு படகை விட்டுக்கொடுத்தது.

பாதி வண்டியிலும் பாதி வெளியிலுமாகப் படகு நகரின் வாசலை அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கேட்டுக்குப் பின்னால் குடையோடு குடியிருப்போர் சங்கத் தலைவர் சேஷகிரி நின்றார்.

“இந்த அசிங்கத்தை உள்ள கொண்டு வராதே. மோட்டார் இருக்கு, மணல் மூட்டை இருக்கு. படகைப் பாத்தா குடியிருக்கிறவா பயந்து காலி பண்ணிண்டு போயிடுவா.”

“சார், ஒரு ஓரமா…”

“போன தடவையும் குப்பத்துக்காரா இப்படித்தான் வழியை மறிச்சுக் கட்டினா. நான்தான் அவுத்து விடச் சொன்னேன்.”

எஸ்தரின் உடம்பெல்லாம் கொதித்தது. சண்டை போட நேரமில்லை. பக்கத்துச் சின்ன வாசல் வழியாக ஓடிப்போய் அப்பாவை வேதவல்லி வீட்டு மாடியில் சேர்த்துவிட்டு வந்தாள். தமீம் தன் கடைத் தாழ்வாரத்தில் படகைத் துடைத்துக் காயவைத்து, விரிசலில் டியூப் ரப்பரை வைத்துப் பசை பூசினான். பிறகு பைக் சங்கிலியால் அதைக் கடைத்தூணில் பூட்டி, சாவியை எஸ்தரிடம் கொடுத்தான்.

“இப்ப எவன் அவுப்பான்னு பாக்குறேன்!”

அன்றிரவு படகுக்குக் காவலாக மூவரும் கடைப்பரணில் ஒடுங்கினார்கள். எங்கெங்கோ தகரங்கள் பறந்து விழுந்தன. மரங்கள் முறிந்தன. விடிந்தபோது தெரு இருந்த இடத்தில் ஆறு ஓடியது! நீலப் படகு சங்கிலியை வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

சங்கிலியைத் திறந்து மூவரும் படகில் போனபோது நகரின் கேட்டும் சின்ன வாசலும் பூட்டிக் கிடந்தன. உள்ளே மாடிகளில் அலறல். மாடியில்லாத தன் வீட்டின் சுவரைப் பிடித்துக்கொண்டு சேஷகிரி நெஞ்சளவு தண்ணீரில் நின்றார். கையிலிருந்த சாவிக்கொத்தைக் கேட் பக்கம் வீச ஓங்கினார்.

“தூக்கிப் போடாதீங்க, தண்ணில போயிடும்! நான் வரேன்!” வேதவல்லி மதிலேறி உள்ளே குதித்தாள். சாவியை வாங்கிப் பல்லில் கடித்துக்கொண்டு, மதிலைப் பிடித்தபடியே கேட்டுக்குத் திரும்பினாள். மூழ்கினாள். எழுந்து மூச்சு வாங்கினாள். மறுபடி மூழ்கினாள். பூட்டு திறந்தது! கேட் படாரென்று அறைந்து விலக, எஸ்தர் கழியை ஊன்றிப் படகை உள்ளே செலுத்தினாள்.

“அந்தாளு கடைசில வரட்டும்க்கா,” என்றான் தமீம்.

எஸ்தருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தண்ணீர் சேஷகிரியின் கழுத்தைத் தொட்டுவிட்டது.

“அப்பா மாடியில பத்திரமா இருக்காரு. முதல்ல இவரு.”

சட்டையைப் பிடித்து அவரை உள்ளே இழுத்துப் போட்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“பேசாதீங்க. தண்ணி உள்ள வருது, மொண்டு ஊத்துங்க!” ஹெல்மெட்டை அவர் கையில் திணித்தாள். அவர் மொண்டு மொண்டு ஊற்றினார். கடைசி நடைவரை இறங்கவே இல்லை.

மாலைக்குள் குழந்தைகளும் நோயாளிகளும் முதியவர்களும் மெயின் ரோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்பா மருத்துவமனைக் கட்டிலில் இயந்திரத்தோடு இணைக்கப்பட்ட பிறகுதான் எஸ்தர் அழுதாள்.

வெள்ளம் வடிந்ததும் படகைக் குப்பத்துக்குக் கொண்டுபோனாள். சேஷகிரியும் வண்டியில் வந்தார். மன்னிப்புக் கேட்க அவர் இறங்குவதற்குள் பாக்கியநாதன் எஸ்தரின் எதிரே வந்து நின்றார். முகத்தில் அதே கடுகடுப்பு. படகை அவர் பார்க்கக்கூட இல்லை.

“எல்லாரும் உசுரோட இருக்காங்களா?”

“இருக்காங்கண்ணா. எல்லாரும்.”

அவர் நீண்ட மூச்சு ஒன்றை விட்டார். ஆபத்துக்கு உதவியவர்களுக்குக் கதவைச் சாத்தியது எவ்வளவு பெரிய பிழை என்பது அப்போதுதான் வண்டியில் இருந்த சேஷகிரிக்கு முழுதாக உறைத்தது. தலைகுனிந்து இறங்கியவரைப் பாக்கியநாதன் ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா சார் வேடிக்கை? அந்தப் பக்கம் புடி, எறக்கலாம்!”