மூச்சு விடும் பெட்டி

காலம் அவன் கைக்குள் அடக்கம். ஒரு நொடியைப் பத்து லட்சம் கோடித் துண்டாக நறுக்கி, அதில் ஒரு துண்டு நேரத்துக்கு மட்டும் ஒளியை மின்ன வைப்பான். பட்டம் வாங்கிய நாள்முதல் எல்லோரும் அவனை டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். அந்த மாவீரன் இப்போது லேசர் மேசையோரம் ஒடுங்கி நின்று, ஒரு சத்தத்துக்குப் பயந்துகொண்டிருந்தான்.

ஸ்ஸ்ஸ்... யாரோ மூச்சு விடுகிறார்கள்.

ஜன்னல் இல்லாத அறை. சுற்றிலும் கறுப்புத் திரை. மானிட்டரில் ஒளித்துடிப்பின் அகலத்தைக் காட்டும் வெள்ளைக்கோடு ஒல்லி மேடாக நிற்க வேண்டும். அதுவோ, தூங்குகிறவனின் நெஞ்சைப் போல விரிந்து... சுருங்கி... விரிந்தது. கதவருகே நின்று பார்த்தால் அடங்கும். லேசர் பெட்டியருகே குனிந்தால் விம்மும்.

திரை விலகியது. ஈரமான ஒரு கை மட்டும் உள்ளே வந்தது.

டாக்டர் அலறிவிட்டான்.

"லேசர் கம்பெனியிலிருந்து வர்றேன். வெளியில உக்காந்திருக்கிற அம்மாதான் வழி சொன்னாங்க."

அவள் கண்கள்... கயலா, மானா, தெரியவில்லை. பாதுகாப்புக் கண்ணாடி. மோவாயில் மட்டும் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது. விழாதே என்று டாக்டர் ஏனோ வேண்டிக்கொண்டான்.

குரலைக் கனமாக்கிக்கொண்டான். "ஒளியோட நிறத்தை மாத்தினா போதும், துடிப்பு ஊதிப்போயிடுது. எவனோ தூக்கத்துல பூட்டின மெஷின்."

"எவனோ இல்லை. நான்தான் பூட்டினேன்."

"ஓ..."

"இந்த மெஷின் திரும்பி வந்தா, நீ திரும்பி வராதேன்னு கம்பெனியில சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க." அவள் பெட்டியைப் பார்த்தாள். "மூடியை யாருங்க திறந்தது?"

"நிறம் மாறினா உள்ளே இருக்கிற கண்ணாடியில சிவப்பு முந்தும், நீலம் பின்தங்கும். ரெண்டையும்..."

"சேர்த்து வைக்கத்தான் உள்ளே பட்டகக் கண்ணாடி இருக்கு. அதுவே நகரும். நீங்க எதுக்கு நடுவுல?"

"கையால செஞ்சா இன்னும் துல்லியமா..." என்று இழுத்தான்.

அவள் சத்தம் வந்த பக்கம் குனிந்து, மேசையடி இருட்டுக்குள் கையை விட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கை வெளியே வந்தபோது அதில் மெல்லிய குழாய் ஒன்று சீறிக்கொண்டிருந்தது.

"பெட்டிக்குள்ள காய்ந்த காத்தை ஊதுற குழாய். கழட்டிப் போட்டுட்டீங்க. இந்த நிறத்தை ஈரம் தின்னுடும். நீங்க குனிஞ்சா உங்க மூச்சு நேரா உள்ள போகுது."

"அப்போ இங்கே இருக்கிற பேய்?"

"நீங்கதான்."

ஆய்வுக்கூட இயக்குநரிடம் 'மெஷின் குப்பை' என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. டாக்டர் நிமிர்ந்தான். "ஒரு மனுஷன் மூச்சுக்கு அவ்வளவு சக்தியா? நம்ப மாட்டேன்."

"குனிஞ்சு மூச்சை அடக்குங்க."

அடக்கினான். மேடு மெலிந்து ஊசியாய் நின்றது.

"நம்ப மாட்டீங்கன்னா நான் கிளம்பட்டுமா?"

"தாராளமா" என்றான், அலட்சியமாக.

மேடு விம்மியது. நடுங்கியது. தன் நெஞ்சு உடம்புக்கு வெளியே, இருட்டில் வெள்ளைக்கோடாகப் பதறுவதைப் பார்த்து அவனுக்கு முதுகு சில்லிட்டது.

"பொய் சொன்னா காட்டிக் கொடுக்குதே..." என்று அவள் அருகில் குனிந்தாள்.

மேடு மறுபடி நடுங்கியது. அப்போது அவன் மூச்சே விடவில்லை.

இருவரும் மானிட்டரைப் பார்த்தார்கள். அவள் சட்டென்று முகத்தைப் பின்னுக்கு இழுத்தாள்.

அவன் போனை எடுத்தான். "சார்... மெஷின் நல்லா இருக்கு. மூடியைத் திறந்ததும் நான். குழாயைக் கழட்டினதும் நான்." மறுமுனை வெகுநேரம் பேசியதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் போனை வைத்தான். "இன்னொண்ணு சொல்லணும்..."

"இருங்க. மூடியைப் போட்டுடறேன். பெட்டி தாங்காது."

குழாயைச் செருகி மூடினாள். சீறல் நின்றது. அந்த அமைதி சீறலைவிடப் பயங்கரமாக இருந்தது.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றான்.

மேடு அசையவில்லை.

"எனக்கும்தான்... கொஞ்சம்" என்றாள்.

வராந்தாவுக்கு வந்து கண்ணாடிகளைக் கழற்றினார்கள். மழை விட்டிருந்தது. அவள் கண்கள் பழுப்பு நிறம். சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள்.

நாற்காலியில் இருந்த அம்மாள் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "பேய் போயிடுச்சாடா? இனிமே நான் வர வேண்டாமில்ல?"

உள்ளே தனியாக இருக்கப் பயந்து, டாக்டர் ஒரு வாரமாகத் தன் அம்மாவைத் துணைக்கு அழைத்து வந்துகொண்டிருந்தான்.