ஒன்றில் நின்றுவிடும் எண்ணிக்கை

விடுமுறை நாளில் அந்தக் கட்டடத்தின் லிஃப்ட்கூடச் சோம்பல் முறித்துக்கொண்டுதான் ஏறியது. மூன்றாம் மாடியில் அவள் கதவைத் திறந்ததும், பூட்டிக் கிடந்த அறையின் புழுக்கமும் பற்றவைத்த ஈயத்தின் வாடையும் முகத்தில் அடித்தன. விளக்குகள் தாமாக எரிந்தன. ஆள் அசைந்தால் எரியும், அசைவு நின்றால் சற்று நேரத்தில் அணைந்துவிடும். அந்தக் கம்பெனியின் பிழைப்பே அப்படிப்பட்ட விளக்குகள்தான்.

அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "லீவு நாள்தான், நீங்க வந்து அந்த சர்க்யூட் போர்டை ஓட வச்சுக் குடுத்துடுங்க. மத்தவங்களுக்கு வீடு, புள்ளகுட்டின்னு இருக்கு," என்று மேனேஜர் சொன்னபோது அவளுக்குச் சுருக்கென்றது. அவளுக்கு ஒருவரும் இல்லையென்று அவரே முடிவுகட்டிவிட்டார். இருப்பது ஒரே ஒரு தம்பி. அவனும் இன்றிரவு குடும்பத்தோடு வெளிநாடு போகிறான், திரும்பி வருகிற எண்ணமில்லாமல். பொழுது சாய்வதற்குள் கிளம்பினால்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியும்.

அவள் உட்கார்ந்தது பெரியவரின் நாற்காலியில். இறந்துபோன அந்த எஞ்சினியரை எல்லோரும் அப்படித்தான் குறிப்பிட்டார்கள். அவர் அரைகுறையாக விட்டுப்போன போர்டுதான் இப்போது அவள் தலையில். ஆள் அசையாமல் இருந்தாலும் மூச்சை வைத்தே கண்டுகொண்டு, எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லும் புது மாதிரி.

கோளாறு பெரிதில்லை. எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று போர்டுக்குச் சொல்ல ஒரு விவரக் கோப்பு உண்டு. அதில் எழுதியிருப்பதை அது கண்ணை மூடிக்கொண்டு நம்பும். மூச்சை உணரும் சென்சார் பழைய இடத்திலேயே இருப்பதாகக் கோப்பு சொன்னது. புதுப் போர்டில் அந்த இடம் காலி. ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பதுபோல் போர்டு அங்கேயே நின்றிருந்தது. அவள் கோப்பில் இடத்தைத் திருத்தினாள். "சாயங்காலம் சீக்கிரமே வந்துடுவேன்டா," என்று தம்பிக்குச் செய்தியும் அனுப்பினாள்.

மின்சாரம் கொடுத்ததும் போர்டை எழுப்பும் சின்ன நிரல் முதலில் ஓடும். கணினித் திரையில் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணும். அதற்குள் யாராவது விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டினால் நின்று கட்டளைக்குக் காத்திருக்கும். தட்டாவிட்டால் மேலே போகும்.

மூன்று. இரண்டு. ஒன்று.

நின்றுவிட்டது.

அவள் கை மடியில் இருந்தது.

மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுத்தாள். மறுபடியும் ஒன்றில் நின்றது. கணினியிலிருந்து போர்டுக்கு வரும் கம்பி சரியாகப் பொருந்தாமல் அந்தரத்தில் தொங்கினால் காற்றிலுள்ள இரைச்சலையே விசை தட்டியதாகப் போர்டு எடுத்துக்கொள்வதுண்டு. இதைப் படிக்காத எஞ்சினியர் கிடையாது. போர்டு கேட்கும் கம்பியைக் கழற்றிவிட்டு, அது செருகியிருந்த பின்னில் கிளிப்பால் ஒரு மின்தடையை மாட்டி அடக்கினாள். இனி அதன் காதில் எதுவும் விழ வழியில்லை.

மூன்று. இரண்டு. ஒன்று.

நின்றது.

பட்டென்று விளக்குகள் அணைந்தன. திரைச்சீலை இழுத்திருந்ததால் அறை குகையாகிவிட்டது. அசையாமல் உட்கார்ந்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு காக்கை விரட்டுவதுபோல் கையை வீசினாள். வெளிச்சம் வந்தது. பக்கத்து ஸ்டூல் அவள் பக்கம் திரும்பியிருந்தது. முதலில் எப்படி இருந்தது என்று அவளுக்கு நினைவில்லை.

மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"ஒண்ணு வர்றப்ப நின்னுடுது சார். ஒவ்வொரு தடவையும்."



"பெரியவர் அப்படித்தான் பண்ணுவாரு. ஒண்ணு வர்ற வரைக்கும் விட்டுட்டு கடைசி நொடியில தட்டுவாரு. ஒண்டிக்கட்டை, அதுதான் அவருக்கு விளையாட்டு. விளக்கு அணைஞ்சா ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுவாரு, ஊருக்கே டாட்டா காட்டுற மாதிரி. நாங்க சிரிப்போம்."

"எப்படி சார் இறந்தாரு?"

"லீவு நாள்ல வந்து உக்காந்திருக்காரு. ரெண்டு நாள் லீவு முடிஞ்சு கதவைத் திறந்தப்பதான் பாத்தோம். அந்த நாற்காலியிலதான். இருட்டா இருந்துச்சு. அசைஞ்சாத்தானேம்மா எரியும்." குரல் இறங்கியது. "நீங்க கிளம்புங்க. திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

கிளம்பியிருக்கலாம். ஆனால் அவளுக்குப் பயத்தைவிடத் துக்கம்தான் முந்திக்கொண்டு வந்தது. இரண்டு நாள் இருட்டில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்திருக்கிறார், தேட நாதியில்லை. நாளை முதல் அவள் கதையும் அதுதானே.

போர்டுக்கு மறுபடி மின்சாரம் கொடுத்தாள்.

"நான் போகணும் பெரியவரே," என்றாள் மெதுவாக.

ஒன்றில் நின்றது.

"தம்பி ஊருக்குப் போறான். இனிமே எப்பப் பாப்பேனோ."

நின்றது. ஈய வாடை கழுத்தருகே சூடாக வந்தது. பற்றவைக்கும் கம்பியை அவள் இன்று தொடவே இல்லை.

ஜன்னல் ஓரத்து வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. இது ஆகிற காரியமில்லை என்று பையைத் தோளில் போட்டாள். கடைசியாக ஒரு முறை மின்சாரம் கொடுத்துவிட்டு, திரையைப் பார்க்காமலே எழுந்தாள். எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் சொல்கிற வார்த்தை வாயில் தானாக வந்தது.

"சரி, போயிட்டு வரேன்."

மூன்று. இரண்டு. ஒன்று.

நிற்கவில்லை. வரிகள் மளமளவென்று ஓடின. கடைசி வரி வந்து நின்றது.

அறையில் ஆட்கள்: 2.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. படிக்கட்டில்தான் இறங்கினாள், லிஃப்டுக்குக் காத்திருக்கத் தெம்பில்லை. எதிர்ச்சாரியில் பஸ் நிறுத்தம். பஸ்ஸும் வந்துகொண்டிருந்தது. தம்பியைப் பார்த்துவிடலாம். அப்போதுதான் துணிந்து மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்தாள்.

திரைச்சீலைக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. அறையில் அசைய ஆளில்லை, அணைந்துவிட்டது. அவ்வளவுதான்.

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

மேலே விளக்கு மறுபடி எரிந்தது.

அந்த விளக்கு எதற்கு எரியும் என்று அவளுக்குத் தெரியும். யாராவது அசைந்தால்தான், கையைத் தூக்கி ஆட்டினால்தான் எரியும். பஸ் தெருமுனை திரும்பும்வரை அது அணையவில்லை. திங்கட்கிழமை அவள் அந்த நாற்காலியில்தான் உட்கார வேண்டும். வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.