மச்சில் ஒரு வெள்ளைத் தரை

காபித் தம்ளரை அவள் மேசையில் வைத்தாள். கணவன் அதைத் தொடாமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"அம்மா, மச்சுச் சாவி யாருகிட்ட இருக்குன்னு கேளு."

மாமியார் அவள் பக்கம் திரும்பினாள். "கேக்குறான்ல, சொல்லேன்."

"எங்கிட்டதான் இருக்கு அத்தை."

"அவகிட்டதான் இருக்காம்ப்பா."

மூவரும் ஒரே அறையில்தான் இருந்தார்கள்.

நகைப் பட்டறையில் கல் பதிக்கிற வேலை அவனுக்கு. போன மாதம் அங்கே எள்ளளவு வைரம் ஒன்று காணாமல் போனது. முதலாளி எல்லார் எதிரிலும் அவன் சட்டைப் பையைத் துழாவி, வேலையை விட்டு அனுப்பினார். அன்று மாலை அவள் கேட்டாள்: "நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க... பையில கிய்யில ஒட்டிக்கிட்டு வந்திருக்குமோ?"

உதவியாகத்தான் கேட்டாள். ஆனால் அது முதலாளி கேட்ட அதே கேள்வி. அன்றிலிருந்து அவன் அவளோடு பேசவில்லை. அப்படி நினைத்துக் கேட்கவில்லை என்று சொல்ல அவள் பலமுறை வாயெடுத்தாள். விளக்க விளக்கச் சந்தேகம் போலத்தான் ஒலிக்கும் என்று தோன்றியது. பேசாமல் கூரைக்கடியில் குப்பையாய்க் கிடந்த மச்சுக்கு ஏறினாள்.

அப்போதிலிருந்து வீடு அவளையே கவனித்தது. ஏணி முனகினால் கீழே பேச்சு நிற்கும். அவள் இறங்கினால் கண்கள் அவள் முந்தானையைத் தடவும்.

"பழைய கட்டில் பலகை மேல போச்சு, கூடத்து விளக்கு போச்சு, வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் போச்சு," என்றபடி அறைக்குள் வந்தாள் நாத்தனார். "அண்ணி தனிக்குடித்தனம் போறாங்க போல."

"தனிக்குடித்தனம்னா வெளிய போவாங்க. இவ என்ன மேல போறா?" என்றாள் மாமியார்.

"யாரையாவது குடி வைக்கவோ என்னவோ... யாரு கண்டா?"

கணவன் தம்ளரைத் தள்ளினான். "என் மூஞ்சியில முழிக்கப் புடிக்கலைன்னா நேரா சொல்லச் சொல்லும்மா. திருடன் கூட ஒரே ரூம்ல இருக்கக் கஷ்டமா இருக்கும்."

இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"அத்தை, அவரையே போய்ப் பாக்கச் சொல்லுங்க."

அவன் விறுவிறுவென்று ஏறினான். அவளும் பின்னால் ஏறினாள். கதவைத் திறந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

சுவர்கள் பழைய அழுக்கோடுதான் இருந்தன. வெள்ளை அடித்திருந்தது தரைக்கு. பலகைகளுக்கு நடுவிலிருந்த இடுக்கெல்லாம் மெழுகும் மரத்தூளும் குழைத்து அடைத்திருந்தது. துடைத்துவிட்ட கூரைக் கண்ணாடி வழியே வெளிச்சம் கட்டில் பலகையில் செய்த மேசையில் விழுந்தது. மேசைக் கால்களுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தியிருந்தாள். ஓரத்தைச் சுற்றிலும், கல் உருண்டு விழாதபடி, விரல் அகலத்துக்கு ஒரு வரம்பு.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தான். முழங்கைகள் தாமாக மேசையில் படிந்தன. கழுத்தை வளைக்க வேண்டியிருக்கவில்லை.

குனிந்து தரையைத் தடவிப் பார்த்தான்.

"தரைக்கு எதுக்கு வெள்ளை?" சுவரிடமல்ல, அவளிடமே கேட்டான்.

"உங்க பட்டறைத் தரைய ஒரு தடவ பாத்திருக்கேன். கறுத்துப் போன பலகை... இடுக்குல விரலே போகும். அங்க உக்கார வச்சுட்டு, விழுந்த கல்லை உங்க பையில தேடுறாங்க."

"அப்ப நீ... அன்னைக்கு ஏன் அப்படிக் கேட்ட?"

"தப்புதான். கிடைச்சிடாதான்னு கேட்டேன். எடுத்தீங்களான்னு கேக்கல..."

அவன் எழுந்து வந்தான். விரல்களில் வெள்ளை காய்ந்திருந்த அவள் கையை இரு கைகளாலும் பற்றினான். அவன் முகம் அதில் கவிழ்ந்தது. அவள் உள்ளங்கை நனைந்தது. இன்னொரு கையால் அவன் தலையைத் தொட்டபோது, வளையல் பூவிலிருந்து சிறு கண்ணாடிக் கல் ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது.

"ஏய், மேல என்ன விழுந்துச்சு?" கீழிருந்து மாமியார் கேட்டாள்.

வெள்ளைத் தரையில் அது பளிச்சென்று தெரிந்தது. அவன் குனிந்து எடுத்தான்.

"கல்லும்மா," என்றான். "தொலையல."